கண்ணளவா, கருவியா: வீட்டுத் தொலைக்காட்சியின் நிறத்தைத் திருத்தும் வழிகள்

எங்கள் வீட்டுக்குப் புதிதாக 55 அங்குலத் தொலைக்காட்சி வந்த வாரத்தில், அக்காவின் கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் ஏற்றிப் பார்த்தோம். முகூர்த்தத்துக்கு அக்கா உடுத்தியிருந்தது அரக்கு நிறக் காஞ்சிப் பட்டு. திரையில் அது பழுக்கக் காய்ச்சிய இரும்புபோல் எரிந்தது. பக்கத்தில் நின்ற சித்தப்பாவின் மாநிற முகம் மஞ்சள் அப்பியதுபோல் இருந்தது. அம்மா எழுந்துபோய்ப் பீரோவிலிருந்து அந்தப் புடவையையே எடுத்துவந்து, மடிப்பைப் பிரித்துத் திரையின் ஓரத்தில் பிடித்தார். இரண்டும் ஒரே புடவை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இந்தச் சோதனை மனத்தில் தைத்தாலும், அதைத் தொலைக்காட்சிக்கு எதிரான சாட்சியாக அப்படியே ஏற்க முடியாது. மண்டபத்து விளக்கு, வீடியோ எடுத்தவரின் கேமரா, எடிட்டிங்கில் ஏற்றிய நிறம் என்று புடவைக்கும் திரைக்கும் நடுவே மூன்று கை மாறியிருக்கிறது. தவறு எந்தக் கையில் நேர்ந்தது என்று புடவை சொல்லாது. தொலைக்காட்சியைச் சோதிக்க வேண்டுமானால், உள்ளே என்ன நிறம் போகிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு படத்தைக் கொடுத்துவிட்டு, வெளியே என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். இனி நான் ஒப்பிடப்போகும் வழிகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியை எவ்வளவு நேர்மையாகக் கேட்கின்றன என்பதில்தான் வேறுபடுகின்றன.

‘சரியான நிறம்’ என்பது ஆளுக்கு ஆள் மாறும் ரசனை என்று கடைக்காரர் சிலர் சொல்வதுண்டு. நான் அதை ஒப்புவதில்லை. ஏனெனில் இதற்கு உலகம் ஒப்புக்கொண்ட அளவுகோல் இருக்கிறது. எச்.டி. படத்துக்கான பி.டி.709 என்னும் பரிந்துரையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1990இல் வெளியிட்டது. இருட்டிலிருந்து வெளிச்சம்வரை திரை எந்த வளைவில் ஏற வேண்டும் என்பதை 2011இல் வந்த பி.டி.1886 வரையறுத்தது. வெள்ளை என்றால் எந்த வெள்ளை என்பதற்கு டி65 என்று பெயர். சராசரிப் பகல் வெளிச்சத்தின் வெண்மை அது, ஏறத்தாழ 6500 கெல்வின் (இந்த எண் கூடினால் வெண்மை நீலத்தை நோக்கியும், குறைந்தால் மஞ்சளை நோக்கியும் போகும்). ஒரு படத்துக்கு நிறத்தை முடிவுசெய்யும் கலரிஸ்ட், சாதாரண எச்.டி. வேலைக்கு, உச்ச வெண்மை 100 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவில் வைக்கப்பட்ட திரையை மங்கலான அறையில் பார்த்துக்கொண்டு வேலை செய்கிறார். நம் வீட்டுத் திரையை அந்தத் திரைக்கு எவ்வளவு அருகில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு அருகில் கொண்டுவருவதற்குப் பெயர்தான் காலிபரேஷன்.

செலவே இல்லாத முதல் வழி, பிக்சர் மோடை மாற்றுவது. பெரும்பாலான தொலைக்காட்சிகள் பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஸ்டாண்டர்டு மோடிலோ, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மோடிலோ இருக்கும். கடையில் காட்சிக்கு வைத்தவை விவிட் அல்லது டைனமிக் மோடில் இருக்கும். நூறு விளக்குகள் எரியும் கூடத்தில் நாற்பது திரைகள் வரிசையாக நிற்கும்போது, நீலம் கலந்த வெள்ளையும் பொங்கும் நிறமும் உள்ள திரைதான் வாங்குபவரின் கண்ணை முதலில் இழுக்கும் என்பது விற்பவருக்குத் தெரியும். அந்தக் கூடத்துக்காகச் செய்த அலங்காரத்தை நாம் வீட்டுக் கூடத்துக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். சினிமா, மூவி என்ற பெயர்களில் ஒன்றோ, யு.எச்.டி. அலையன்ஸ் என்னும் தொழில் கூட்டமைப்பு 2019இல் அறிவித்த ஃபிலிம்மேக்கர் மோடோ உங்கள் ரிமோட்டுக்குள் நிச்சயம் இருக்கும். ஃபிலிம்மேக்கர் மோடைத் தேர்ந்தால் வெண்மை டி65-ஐ நோக்கி வரும். அசைவை வழுவழுப்பாக்கும் செயலி நிற்கும். செயற்கைக் கூர்மை விலகும். படத்தின் அகல உயர விகிதமும் அதன் அசல்படி நிற்கும். பழைய மாடல்களில் சினிமா மோடைத் தேர்ந்துவிட்டு, கலர் டெம்பரேச்சரை வார்ம் அல்லது வார்ம் 2 என்று நாமே வைத்துக்கொள்ளலாம்.

மாற்றிய அன்று இரவு வீட்டில் ஒரு கூக்குரல் எழும்: “என்ன, படம் எல்லாம் மஞ்சளா இருக்கு?” இதற்குப் பணிந்து பழைய மோடுக்குத் திரும்பிவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இது படத்தின் குறை அன்று, கண்ணின் பழக்கம். 9000 கெல்வினையும் தாண்டிய நீல வெள்ளைக்கு மாதக்கணக்கில் பழகிய கண்ணுக்கு 6500 கெல்வின் மஞ்சளாகத்தான் படும். நம் வீடுகளில் பரவலாக எரியும் ‘கூல் டேலைட்’ டியூப்லைட்டின் உறையைப் பார்த்தால் அதில் 6500 கெல்வின் என்றே அச்சிட்டிருக்கும். அந்த வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, திரையில் வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வார்ம் அமைப்பில் தாளும் திரையும் ஏறக்குறைய ஒரே வெள்ளையாக நிற்பதையும், கூல் அமைப்பில் திரை நீலம் பாரித்துத் தனியே நிற்பதையும் காணலாம். விளக்கும் தாளும் துல்லியமானவை அல்ல என்பதால் இதை அளவீடாகக் கொள்ளக்கூடாது. வீட்டாரைச் சமாதானப்படுத்த இது போதும். ஒரு வாரம் பொறுத்தால் கண் பழகிவிடும். அதன்பின் விவிட் மோடைத் திரும்பப் போட்டால் மாறிப்போனது எது என்று அவர்களே சொல்வார்கள்.

இரண்டாவது வழி, அதே மாடலுக்கு இணையத்தில் யாரோ வெளியிட்ட எண்களை வரிக்கு வரி நகலெடுப்பது. இதை நானும் செய்து கெட்டேன். ஓர் இரவு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, வெள்ளையிலும் சாம்பலிலும் மூன்று நிறங்கள் கலக்கும் விகிதத்தைத் திருத்தும் ஒயிட் பேலன்ஸ் பகுதியில் இருபது படிகளுக்கும் சிவப்பு, பச்சை, நீல எண்களைத் தட்டெழுதி முடித்தேன். மறுநாள் காலைச் செய்தியில் வாசிப்பாளரின் கன்னம் பாசி படர்ந்ததுபோல் இருந்தது. ஒரே ஆலையில் ஒரே நாளில் வந்த இரண்டு பேனல்கள்கூட வெண்மையில் சற்று வேறுபடும். அந்த எண்கள் அவருடைய பேனலின் பிழையைத் திருத்தியவை, என் பேனலில் அவை புதுப் பிழையாக விழுந்தன. இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கவை எந்த மோடு, எந்தச் செயலியை அணைப்பது, கூர்மைக்கு எது நடுநிலை என்பன போன்ற பொதுவான அமைப்புகள் மட்டுமே. ஒயிட் பேலன்ஸ் எண்களை, எவ்வளவு நம்பகமானவர் தந்தாலும், தொடாதீர்கள்.

மூன்றாவது வழியை நான் மிகவும் மதிக்கிறேன். சோதனைப் படங்களை வைத்துக்கொண்டு கண்ணால் திருத்துவது அது. ஏ.வி.எஸ். எச்.டி. 709 என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கும் படத் தொகுப்பைப் பென்டிரைவில் இறக்கிக்கொள்ளலாம். ஸ்பியர்ஸ் அண்ட் முன்சில் என்னும் சோதனைப் பட வட்டு வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம். தொலைக்காட்சியை அரைமணி நேரம் ஓடவிட்டு, நீங்கள் வழக்கமாகப் படம் பார்க்கும் நேரத்தில், வழக்கமான விளக்கில் உட்காருங்கள். நண்பகலில் திருத்திவிட்டு இரவில் பார்த்தால் அந்தத் திருத்தம் பொருந்தாது.

முதலில் கறுப்பு. வெளிச்சத்தை 0 முதல் 255 வரையான எண்ணால் குறிக்கும் எட்டு பிட் வீடியோவில் 16 என்ற எண் முழுக் கறுப்பு, 235 முழு வெள்ளை. கறுப்புச் சோதனைப் படத்தில் 16-க்கு மேலும் கீழுமாக எண்ணிட்ட பட்டைகள் மின்னிக்கொண்டிருக்கும். 16-உம் அதற்குக் கீழுள்ளவையும் மறைந்து, 17 அல்லது 18 மட்டும் இருட்டில் பூனை அசைவதுபோல் லேசாகத் தெரிந்தால் கறுப்பு சரியாக நிற்கிறது. 25-வரை எதுவும் தெரியவில்லையென்றால், இரவுக் காட்சிகளில் நாயகனின் கறுப்புச் சட்டையும் பின்னால் உள்ள சுவரும் ஒன்றாகக் கலந்துவிடும். இதைத் திருத்தும் குமிழின் பெயரில்தான் பெரிய குழப்பம். பல கம்பெனிகளின் மெனுவில் ‘பிரைட்னஸ்’ என்பது கறுப்பின் அளவைக் குறிக்கும், வெளிச்சத்தை ஏற்றி இறக்குவது ‘பேக்லைட்’. சோனியின் மெனுவிலோ ‘பிரைட்னஸ்’ என்பதுதான் வெளிச்சம், கறுப்புக்கு ‘பிளாக் லெவல்’ என்று தனியே உண்டு. பெயரை நம்பாமல், குமிழைத் திருகும்போது திரை முழுவதும் ஏறி இறங்குகிறதா, இருட்டுப் பகுதி மட்டும் மாறுகிறதா என்று பார்த்து முடிவுசெய்யுங்கள்.

எவ்வளவு திருகியும் கறுப்பு சாம்பலாகவே நின்றாலோ, மாறாக இருட்டெல்லாம் தாரில் மூழ்கினாலோ, குற்றம் அந்தக் குமிழில் இல்லை. செட்டாப் பாக்ஸோ மடிக்கணினியோ 0 முதல் 255 வரையான அளவில் அனுப்ப, தொலைக்காட்சி 16 முதல் 235 வரை என்று எண்ணிக்கொண்டிருக்கலாம், அல்லது இதற்கு நேர்மாறாக இருக்கலாம். இரண்டு பக்கத்திலும் இந்த அளவு (தொலைக்காட்சி மெனுவில் எச்.டி.எம்.ஐ. பிளாக் லெவல்) ஒத்துப்போக வேண்டும். இதைக் கவனிக்காமல் மற்றதைத் திருத்துவது, நடுவே பூஜ்ஜியம் தவறிய தராசில் எடை போடுவதாகும்.

அடுத்து வெள்ளை. வெள்ளைச் சோதனைப் படத்தில் 234-வரை பட்டைகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டுத் தெரிய வேண்டும்; கான்ட்ராஸ்டை அதிகமாக்கினால் அவை ஒரே வெள்ளையில் கரைந்துபோகும். கல்யாண வேட்டியின் மடிப்பும் மல்லிகைச் சரத்தின் இதழும் தெரிகிறதா என்பது இந்தப் படியில்தான் தீர்மானமாகிறது. கூர்மைக்கு, சாம்பல் பின்னணியில் மெல்லிய கறுப்புக் கோடுகள் உள்ள படத்தைப் போட்டு, கோட்டின் ஓரத்தில் வெள்ளை விளிம்பு முளைக்கும் வரை ஏற்றி, அது மறையும் வரை இறக்குங்கள். சோனியில் நடுநிலை 50. சாம்சங்கிலும் எல்ஜியிலும் பெரும்பாலும் 0-க்கும் 10-க்கும் இடையில். நான் பார்த்த வீடுகளில் அனேகமாக எல்லாவற்றிலும் ஷார்ப்னஸ் தேவைக்கு மேல்தான் இருந்தது.

நிறத்துக்குக் கலர் பார் படம் உண்டு. சாம்பல், மஞ்சள், சியான், பச்சை, மெஜந்தா, சிவப்பு, நீலம் என்று ஏழு பட்டைகள் நிற்கும். இவற்றில் சாம்பல், சியான், மெஜந்தா, நீலம் ஆகிய நான்கிலும் நீலத்தின் அளவு ஒன்றே. நீலக் கண்ணாடித்தாள் வழியாகவோ, மெனுவில் இருந்தால் நீலம் மட்டும் காட்டும் அமைப்பிலோ பார்க்கும்போது, சாம்பலும் நீலமும் ஒரே வெளிச்சத்தில் தெரியும்வரை ‘கலர்’ குமிழையும், சியானும் மெஜந்தாவும் ஒத்துவரும்வரை ‘டிண்ட்’ குமிழையும் திருப்ப வேண்டும். இன்றைய எல்.ஈ.டி. திரைகளின் ஒளிநிறமாலைக்குக் கண்ணாடித்தாள் எப்போதும் பொருந்தாது என்பதால், தாளோடு செய்த சோதனையில் கலரை நடுநிலையிலிருந்து வெகுதூரம் நகர்த்தச் சொன்னால் நான் அதை நம்பாமல் நடுநிலையிலேயே விட்டுவிடுவேன். டிண்டை நகர்த்தவே வேண்டியிராது. 1982இல் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது இந்தியா ஏற்றுக்கொண்டது பால் (PAL) என்னும் ஒளிபரப்பு முறை. அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறையில் நிறத்தைச் சுமக்கும் சிக்னல் அலையின் கட்டம், அதாவது ஃபேஸ், வழியில் பிசகினால் நிறமே மாறிப்போகும். அதைத் திருத்தவே அங்கே டிண்ட் குமிழ் வந்தது. பால் முறையில் ஃபேஸ் வரிக்கு வரி தலைகீழாகி வருவதால் பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டி, நிறம் சற்று வெளுப்பதோடு போய்விடும். எச்.டி.எம்.ஐ. கம்பியில் அந்தப் பிசகே இல்லை; குமிழ் மட்டும் மெனுவில் தங்கிவிட்டது.

இந்த மூன்றாவது வழியின் எல்லை ஒயிட் பேலன்ஸ். சாம்பலில் கலந்த பச்சையையோ சிவப்பையோ கண் சிறிது நேரத்தில் சமன்செய்து மறைத்துவிடும். ஆகவே வெண்மையைக் கண்ணளவில் திருத்த முயல்பவர் தன் கண்ணின் அன்றைய நிலைக்குத்தான் திரையைத் திருத்துகிறார். வார்ம் அமைப்பைத் தேர்வதோடு நின்றுவிடுவதே அறிவுடைமை.

கைபேசியால் திருத்துவது நான்காவது. ஆப்பிள் டிவி சாதனம் வைத்திருப்போர், 2021இல் வந்த டி.வி.ஓ.எஸ். 14.5 முதல், ஃபேஸ் ஐடி உள்ள ஐபோனைத் திரைக்கு மிக அருகில் கவிழ்த்துப் பிடித்தால், அது நிறங்களை அளந்து சமன்செய்கிறது. திருத்தப்படுவது ஆப்பிள் டிவியிலிருந்து வெளிவரும் சிக்னல் மட்டும். தொலைக்காட்சி அப்படியே இருக்கும், செட்டாப் பாக்ஸில் வரும் சீரியலுக்கும் கிரிக்கெட்டுக்கும் எந்தப் பயனும் இல்லை. சாம்சங் தன் உயர்விலை மாடல்களில் தொலைக்காட்சியையே கைபேசிக் கேமராவால் திருத்தும் வசதியைத் தந்திருக்கிறது. அது இதைவிட முழுமையானது. இரண்டுமே நீல வெள்ளையில் நிற்கும் திரையை நேர்வழிக்குக் கொண்டுவரும். ஏற்கெனவே ஃபிலிம்மேக்கர் மோடில் நிற்கும் திரைக்கு அவை எந்த அளவு நன்மை செய்யும் என்பதைக் கருவி வைத்து அளக்காமல் சொல்லக்கூடாது. நான் அவற்றுக்காகப் புதிதாக ஒன்றையும் வாங்கமாட்டேன்.

ஐந்தாவது, கலரிமீட்டர் வாங்கி நாமே அளப்பது. திரையின் மேல் தொங்கவிட்டு மடிக்கணினியோடு இணைக்கும் சிறு கருவி இது. கேலிப்ரைட் போன்ற கம்பெனிகளின் நல்ல மாடல் ஒன்றின் விலை ஒரு சிறிய தொலைக்காட்சியின் விலைக்குக் குறையாது, எச்.சி.எஃப்.ஆர். என்னும் மென்பொருள் இலவசம். கறுப்பிலிருந்து வெள்ளைவரை பத்துப் படிகளில் சாம்பல் சதுரங்களைக் காட்டி, ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று அளந்து, டி65-இலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை டெல்டா ஈ என்ற எண்ணாகத் தரும். 3-க்குக் கீழே வந்துவிட்டால் ஓடும் படத்தில் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். 1-க்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் தெரியாது. ஒயிட் பேலன்ஸ் மெனுவில் முதலில் வெளிச்சப் பகுதிக்கு ‘கெயின்’ குமிழையும், பிறகு இருட்டுப் பகுதிக்கு ‘ஆஃப்செட்’ குமிழையும் திருத்த வேண்டும். ஒன்றைத் திருத்தினால் மற்றது சற்று நகரும் என்பதால் இரண்டு மூன்று சுற்று வரவேண்டும்.

நண்பர் ஒருவரின் கருவியை இரவல் வாங்கி என் திரையை அளந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜன்னலைப் போர்வையால் மறைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்வையோடு உட்கார்ந்திருந்தேன். சினிமா மோடில் நடுச் சாம்பலில் சிவப்பு ஆறு விழுக்காடு கூடுதலாக இருந்தது. இரண்டு குமிழில் சில படிகள் நகர்த்தியதும் மென்பொருளின் வரைபடத்தில் மூன்று வண்ணக் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. அந்தத் திருத்தம் உண்மையில் தெரிந்தது கறுப்பு வெள்ளைப் படத்தில்தான்: அதுவரை லேசான செம்பழுப்புச் சாயலோடு இருந்த பழைய படம், தூய சாம்பலில் நின்றது. விவிட் மோடிலிருந்து சினிமா மோடுக்கு மாறியபோது நேர்ந்த மாற்றத்தோடு ஒப்பிட்டால் இது பத்தில் ஒரு பங்கு என்பேன். அந்தப் பத்தில் ஒன்றுக்காக அவ்வளவு பணம் தரலாமா என்பதை அவரவர் முடிவு செய்ய வேண்டும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை நேசிப்பவனாக, நான் தரலாம் என்றே நினைக்கிறேன். வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கலரிமீட்டர் தன் வடிகட்டிகள் வழியாகவே நிறத்தைப் பார்க்கிறது, ஆகவே வெள்ளை எல்.ஈ.டி., குவாண்டம் டாட், ஓ.எல்.ஈ.டி. என்று பேனலின் வகைக்கேற்ற திருத்தக் கோப்பை மென்பொருளில் தேர்ந்துகொள்ளாவிட்டால் கருவியே பொய் சொல்லும்.

தொழில்முறை காலிபரேட்டரை வீட்டுக்கு வரவழைப்பது கடைசி வழி. 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய இமேஜிங் சயன்ஸ் ஃபவுண்டேஷன் இதற்கான பயிற்சியைப் பரவலாக்கியது. அங்கே பயின்றவர்கள், கலரிமீட்டரோடு ஒளிநிறமாலையையே பிரித்து அளக்கும் கருவியும் கொண்டுவருவார்கள். இதை நான் புரொஜெக்டர் வைத்தவர்களுக்கும், தனி இருட்டறையும் விலையுயர்ந்த ஓ.எல்.ஈ.டி.யும் உள்ளவர்களுக்கும் மட்டுமே பரிந்துரைப்பேன். புரொஜெக்டரில் விளக்கு தேய்வதும் திரைத்துணியின் நிறமும் சேர்ந்துகொள்வதால், கண்ணளவு அங்கே செல்லுபடியாகாது.

ஆகவே வீட்டைப் பார்த்துத்தான் வழியைத் தேர வேண்டும். சமையலறையிலிருந்து எட்டிப்பார்க்கும் 32 அங்குலத் தொலைக்காட்சிக்கு மோடை மாற்றினாலே போதும். பகலெல்லாம் ஜன்னல் வெளிச்சம் விழும் கூடத்துக்கு, மோடோடு சோதனைப் படங்களையும் சேர்த்து, பகலுக்குப் பேக்லைட்டை ஏற்றிய ஓர் அமைப்பும், இரவுக்கு இறக்கிய ஓர் அமைப்பும் தனித்தனியே வைத்துக்கொள்வது சிறந்தது. பேக்லைட்டை ஏற்றுவதால் நிறம் கெடாது, இரவில் இறக்க மறந்தால் கண்தான் எரியும். அசைவை வழுவழுப்பாக்கும் செயலியைப் படத்துக்கு முற்றிலும் அணையுங்கள். நொடிக்கு 24 சட்டகங்களில் எடுத்த படம் அதனால் ஸ்டுடியோ சீரியல்போல் ஆகிவிடுகிறது. கிரிக்கெட்டுக்குச் சிறிது வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பவர், மூன்றாவது வழியை முடித்த பிறகும் முகங்களின் நிறம் மனத்தை உறுத்தினால் மட்டும், கருவியைப் பற்றி யோசிக்கலாம்.

இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே கூடுதல் வீச்சுள்ள எச்.டி.ஆர். படங்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அவற்றின் வெளிச்ச அளவை வரையறுக்கும், 2014இல் தரமாக்கப்பட்ட பி.க்யூ. வளைவு 10,000 நிட் வரை எண்ணுகிறது; படங்கள் பெரும்பாலும் 1000 அல்லது 4000 நிட் திரைகளில் நிறம் முடிக்கப்படுகின்றன; நாம் நடுத்தர விலைக்கு வாங்கும் பல 4கே திரைகளின் உச்சமோ சுமார் 300 நிட். அங்கே பேக்லைட்டும் கான்ட்ராஸ்டும் உச்சத்திலேயே இருக்கட்டும். மின்சேமிப்பு மோடை அணையுங்கள். அறை வெளிச்சத்தை உணர்ந்து தானே மங்கும் சென்சாரையும் அணையுங்கள். ‘படம் இருட்டாக இருக்கிறது’ என்ற புகார்களில் பல இந்த இரண்டாலும்தான் வருகின்றன. அதன்பிறகும் இருட்டாக இருந்தால், அது அந்தப் பேனலின் எல்லை. ஸ்ட்ரீமிங் சாதனத்தில் எச்.டி.ஆரை அணைத்துவிட்டுச் சாதாரணப் படமாகப் பார்ப்பது அத்தகைய திரைகளில் நன்றாகவே இருக்கும்.

பல தொலைக்காட்சிகளில் ஒவ்வொரு எச்.டி.எம்.ஐ. வாயிலுக்கும், உள்ளே இருக்கும் ஆப்களுக்கும், சாதாரணப் படம், எச்.டி.ஆர்., டால்பி விஷன் (எச்.டி.ஆரின் ஒரு வகை) ஆகிய ஒவ்வொன்றுக்கும் அமைப்புகள் தனித்தனியே சேமிக்கப்படுகின்றன. ஓரிடத்தில் திருத்தியதை எல்லா இடத்துக்கும் பொருத்தச் சொல்லும் வசதி மெனுவில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் செட்டாப் பாக்ஸ் வாயிலுக்குப் போய் அதே எண்களை மீண்டும் போட வேண்டும். மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு சில சமயம் எல்லாம் பழையபடி ஆகிவிடுவதால், நான் இறுதி எண்களை ஒரு தாளில் எழுதி, தேதியோடு தொலைக்காட்சியின் முதுகில் ஒட்டிவைத்திருக்கிறேன். கல்யாண வீடியோவை அதன்பின் மீண்டும் போட்டுப் பார்த்தோம். புடவை அரக்குக்கு அருகில் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் சிவப்பு தூக்கலாகத்தான் இருக்கிறது, அது மண்டபத்து விளக்குக்கும் கேமராவுக்கும் உரியது. சித்தப்பாவின் முகத்தைப் பார்த்து அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வீடியோ முடியும்வரை புடவையை மடியிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார்.